நாட்டுப்பாடலில் உருவாகும் சேர்ந்திசை ஆசிரியர்: உக்ரைனின் அனுபவம்

உக்ரைனில் பள்ளி இசை ஆசிரியர் பெரும்பாலும் ஒரு சேர்ந்திசைக் குழுவை நடத்துபவராகவும் இருப்பார். கல்வியியல் பல்கலைக்கழகங்களின் இசைத்துறைகளில் அவருக்குக் கிடைக்கும் பயிற்சி சேர்ந்திசையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. குழுவாகப் பாடும் வகுப்பு, குழுவை நடத்தும் கலை, குரல் பயிற்சி, பல குரல்களுக்கு எழுதப்பட்ட இசைக்குறிப்பைப் பியானோவில் வாசித்துப் பழகுதல், ஒற்றைக்குரல் பாடலைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதுதல், கடைசியில் பள்ளிக்கூடத்தில் கற்பித்துப் பழகுதல் என்று அந்தப் படிப்பு விரிகிறது. இவை அனைத்திலும் நாட்டுப்பாடல் ஏதோ ஒரு வடிவில் வந்துபோகிறது. தனிப் பாடமாகவும் இருக்கிறது. அனதோலி இவானித்ஸ்கி எழுதி 1990இல் வெளிவந்த உக்ரைனிய நாட்டார் இசை பற்றிய நூல் தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்துவருகிறது.

இருந்தும் நாட்டுப்பாடல் வகுப்பறைக்குள் எந்த உருவில் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இசையமைப்பாளர் ஒருவர் மெருகேற்றி, நான்கு குரல்களுக்கு எழுதி, அச்சிட்டுக் கொடுத்த உருவிலேயே அது பெரும்பாலும் மாணவரை வந்தடைகிறது. அதைப் பழுதில்லாமல் பாடவும் நடத்தவும் அவர் கற்றுக்கொள்கிறார். அந்தப் பாடலைக் கிராமத்துப் பெண்கள் எப்படிக் கற்றார்கள், ஒருத்தி தொடங்க மற்றவர்கள் எங்கே சேர்ந்தார்கள், எழுதிவைத்த குறிப்பே இல்லாமல் பல குரல்கள் எப்படிப் பிரிந்து எப்படிக் கூடின என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலே போய்விடக்கூடும். வருங்கால ஆசிரியருக்கு மிக அதிகம் பயன்படக்கூடிய பகுதி அதுதான். பாடல்களின் பட்டியலைவிட, அந்தப் பாடல்கள் வாய்வழி கைமாறிய முறையே ஆசிரியப் பயிற்சிக்குப் பெரிய கொடை.

கிராமப் பள்ளியிலிருந்து வந்த மரபு

நாட்டுப்பாடலையும் பள்ளிக் கல்வியையும் இணைக்கும் முயற்சி உக்ரைனில் 150 ஆண்டுகள் பழையது. நவீன உக்ரைனிய இசையின் தந்தை எனப் போற்றப்படும் மிகோலா லிசென்கோ (1842–1912) குழந்தைகளின் விளையாட்டுப் பாடல்களையும் வசந்தகாலப் பாடல்களையும் தொகுத்து 1875இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த எம்ஸ் ஆணை, உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதையும் நாடகம் போடுவதையும் தடை செய்தது. இசைக்குறிப்புக்குக் கீழே உக்ரைனியச் சொற்களை அச்சிடுவதுகூடத் தடைக்குள் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிடி சற்றுத் தளர்ந்தாலும், பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடலுக்கு இடம் கிடைக்க நீண்ட காலமாயிற்று. அந்தச் சூழலில்தான் லிசென்கோ 1888க்கும் 1892க்கும் இடையே சிறுவர்களுக்காக மூன்று இசை நாடகங்களை எழுதினார். நாட்டுக்கதைகளும் நாட்டு மெட்டுகளும் கலந்த அவற்றைக் குழந்தைகளே பாடி நடிக்கலாம். 1904இல் கீவ் நகரில் அவர் தொடங்கிய இசை, நாடகப் பள்ளி அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் பலரை உருவாக்கியது.

லிசென்கோ தொடங்கியதை ஒரு கற்பித்தல் முறையாகவே வாழ்ந்து காட்டியவர் மிகோலா லியொந்தோவிச் (1877–1921). உலகம் அவரை ஒரே ஒரு பாடலின் ஆசிரியராக அறிந்திருக்கிறது. அவருடைய அன்றாட வேலையோ பள்ளி வாத்தியார் வேலை. தென்மேற்கே பொதில்லியா பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, கமியானெட்ஸ்-பொதில்ஸ்கியில் சமயக் கல்வி முடித்து, கிராமப் பள்ளிகளில் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் போனார். பொதில்லியாவின் பாடல்களைத் திரட்டி 1901இலும் 1903இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1904 முதல் 1908 வரை கிழக்கே தோன்பாஸ் பகுதியில், ஹ்ரிஷினோ ரயில் நிலையக் குடியிருப்புப் பள்ளியில் பாட்டு ஆசிரியராக இருந்தார். இப்போது போர்ச் செய்திகளில் அடிபடும் பொக்ரொவ்ஸ்க் நகரம் அந்தக் குடியிருப்பிலிருந்து வளர்ந்ததே. அங்கே ரயில்வே தொழிலாளர்களைக் கூட்டி அவர் ஒரு சேர்ந்திசைக் குழு அமைத்தார். 1905 புரட்சி நாட்களில் அந்தக் குழு தொழிலாளர் கூட்டங்களில் பாடியது; காவல்துறையின் பார்வையும் அவர் மேல் விழுந்தது. 1908இல் பொதில்லியாவுக்குத் திரும்பி, துல்ச்சின் ஊரில் கிராமப் பாதிரியார்களின் மகள்கள் படித்த திருச்சபைப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார்.

இசைக்குறிப்பு தெரியாத தொழிலாளர்கள், பயிற்சி பெறாத பள்ளிச் சிறுமிகள் ஆகியோரிடம்தான் அவருடைய பாடல் அமைப்புகள் முதலில் சோதிக்கப்பட்டன. எந்தக் குரல் எங்கே திணறுகிறது, எந்த இடத்தில் மூச்சு போதவில்லை, எந்தத் திருப்பம் காதில் உடனே ஒட்டிக்கொள்கிறது என்பதை அவர் அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்தார். 1909 முதல் பொலெஸ்லாவ் யவோர்ஸ்கியிடம் இசைக் கோட்பாடு பயின்று, பல்குரல் எழுத்தின் நுட்பங்களைக் கற்றார். கல்வியின் நுட்பமும் வகுப்பறையின் அனுபவமும் ஒரே மனிதரிடம் கூடியதால்தான் அவருடைய சேர்ந்திசைப் படைப்புகள் பெரிய மேடைக்கும் சின்ன ஊர்க் குழுவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. பாட்டு கற்பிப்பதற்கென்று ஒரு பாடமுறையையும் அவர் எழுதிவைத்தார். 1921 ஜனவரி 23 அன்று, மர்கிவ்கா கிராமத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தபோது, சோவியத் ரகசியக் காவலின் ஆள் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 43.

அவருடைய சமகாலத்தவரான கிரிலோ ஸ்டெட்சென்கோ (1882–1922) பாதிரியார், இசையமைப்பாளர், பள்ளிப் பாடல் நூல்களின் ஆசிரியர். குறுகிய காலமே நீடித்த சுதந்திர உக்ரைனியக் குடியரசின் பள்ளிகளுக்குப் பாட்டுப் புத்தகம் தயாரிக்கும் வேலையில் முன்னின்றவர். அவரும் நாற்பது வயது நிறைவதற்குள்ளேயே காய்ச்சலுக்குப் பலியானார். லியொந்தோவிச் இறந்த சில நாட்களிலேயே கீவில் அவர் பெயரால் உருவான இசைச் சங்கம், நாடெங்கும் ஊர்ச் சேர்ந்திசைக் குழுக்களை ஊக்குவித்தது. 1928இல் அதுவும் புரட்சிகர இசைக்கலைஞர் சங்கமாக உருமாற்றப்பட்டது. பள்ளி, ஊர், நாட்டுப்பாடல், சேர்ந்திசை என்ற நான்கும் இணைந்த ஒரு கல்வி மரபு முளைவிட்ட கொஞ்ச காலத்திலேயே நசுக்கப்பட்டது. இன்றைய பாடத்திட்ட விவாதங்களில் அந்த முறிவு போதிய அளவு நினைக்கப்படுவதில்லை.

நான்கு சுரங்களில் ஒரு பாடநூல்

ஆசிரியப் பயிற்சியில் நாட்டுப்பாடல் என்ன செய்யக்கூடும் என்று காட்ட, லியொந்தோவிச்சை உலகறியச் செய்த 'ஷெத்ரிக்' போல எளிய எடுத்துக்காட்டு இல்லை. புத்தாண்டை ஒட்டி வீடு வீடாகப் போய் வாழ்த்திப் பாடும் 'ஷெத்ரிவ்கா' வகைப் பாடல் அது. தகைவிலான் பறவை ஒன்று வீட்டுக்குப் பறந்து வந்து வீட்டுக்காரருக்கு வரப்போகும் செழிப்பைச் சொல்வதாகப் பொருள். லியொந்தோவிச் இதைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செதுக்கினார். 1916 டிசம்பரில் ஒலெக்சாந்தர் கோஷிட்ஸ் நடத்திய கீவ் பல்கலைக்கழக மாணவர் குழு அதை அரங்கேற்றியது. அதே கோஷிட்ஸ் தலைமையில் 1919இல் புறப்பட்ட உக்ரைனியக் குடியரசின் சேர்ந்திசைக் குழு ப்ராக், பாரிஸ் என்று ஐரோப்பிய நகரங்களில் பாடி, 1922 அக்டோபர் 5 அன்று நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அதை ஒலிக்கச் செய்தது. 1936இல் பீட்டர் வில்ஹவுஸ்கி ஆங்கிலச் சொற்களை எழுதிச் சேர்த்த பிறகு அது கிறிஸ்துமஸ் மணிகளின் பாடலாக உலகெங்கும் பரவியது.

அதன் மூல மெட்டு நான்கே சுர அடிகள். கர்நாடக சுரப் பெயர்களில் சொன்னால் க–ரி–க–ஸ. காந்தாரம் சாதாரண காந்தாரம். மொத்த எல்லை மூன்று அரைச்சுரங்கள்தான். ஆறு வயதுக் குழந்தையும் பாடிவிடலாம். இந்தச் சின்னஞ்சிறு துணுக்கு பாடல் முழுவதும் ஓயாமல் சுழல்கிறது. அதைச் சுற்றி மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக நுழைகின்றன, இறங்குகின்றன, ஏறுகின்றன, விலகுகின்றன. வருங்கால ஆசிரியர் இதிலிருந்து கற்கக்கூடியவை பல. ஒரே துணுக்கைச் சலிப்பில்லாமல் உயிரோடு வைத்திருக்க உச்சரிப்பும் ஒலி அளவும் எப்படி மாற வேண்டும் என்பது ஒன்று. மெட்டைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டு, சிரமமான மற்றக் குரல்களைப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தரலாம் என்ற அமைப்பு அறிவு இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஓயாமல் சுழலும் ஒரு மெட்டில் சுருதி மெல்ல மெல்ல இறங்கிவிடும் ஆபத்து அதிகம். வாத்தியத் துணையில்லாமல் பாடும்போது அந்தச் சரிவை உடனே கண்டுபிடிக்கும் காது ஆசிரியருக்கு வேண்டும். நூறு வயதைக் கண்டு 2014இல் மறைந்த சேர்ந்திசை மேதை பாவ்லோ முராவ்ஸ்கி, துணைவாத்தியமற்ற பாடலில் தூய சுருதி என்பதையே தம் கற்பித்தலின் உயிராக வைத்திருந்தவர். பியானோவையே நம்பிப் பழகிய மாணவருக்கு நாட்டுப்பாடல் தரும் முதல் மருந்து அதுதான்: வாத்தியத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்பது.

வட்டத்துக்குள் நடப்பது

உக்ரைனிய நாட்டுப்பாடல் ஒரே மாதிரியானது அல்ல. வடக்கே காடும் சதுப்பும் நிறைந்த பொலிஸ்ஸியாவில் பழைய சடங்குப் பாடல்கள் சில சுரங்களுக்குள்ளேயே அடங்குகின்றன. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடினாலும் அவரவர் சிறு மாற்றங்களால் குரல்கள் ஆங்காங்கே பிரிந்து சேர்கின்றன. வசந்தப் பாடல்களின் அடி முடிவில் குரலை உயரத்துக்குத் தாவவிட்டு வெளியை நோக்கிக் கூவும் வழக்கமும் அங்கே உண்டு. மேற்கே கார்பாத்திய மலையில் வாழும் ஹுட்சுல் மக்களிடம் ஒற்றைக்குரல் பாடலே ஆட்சி செய்கிறது. அவர்களுடைய கொலொமிய்கா 14 அசைகள் கொண்ட அடியில் நான்கு, நான்கு, ஆறு என்று துள்ளிப் போகும். நடுநாட்டுப் பொல்தாவா, தினிப்ரோ ஆற்றங்கரை ஊர்களில்தான் விரிந்த பல்குரல் பாடல் செழித்திருக்கிறது. தினிப்ரோபெத்ரொவ்ஸ்க் பகுதியில் வழங்கும், கோசாக் எனப்படும் பழைய போர்வீரர்களின் பாடல்களை யுனெஸ்கோ 2016இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவற்றைப் பாடும் மூத்தவர்கள் குறைந்துகொண்டே வந்ததுதான் காரணம்.

நடுநாட்டுப் பல்குரல் பாடல் நடக்கும் விதம் சேர்ந்திசை ஆசிரியர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. முன்பாட்டை ஒருவர் தனியாகத் தொடங்குவார். பாடலின் உயரம், வேகம், மனநிலை எல்லாம் அந்த ஒரு தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். அடியின் நடுவில் மற்றவர்கள் சேர்வார்கள். பெரும்பாலானோர் கீழ்க்குரலைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மட்டும் மேலே பிரிந்து போவார். 'விவித்' என்று சில ஊர்களிலும் 'ஹொரியாக்' என்று வேறு ஊர்களிலும் அழைக்கப்படும் அந்த மேல்குரல், கீழே இருக்கும் இருபது பேரின் ஒலிக்கு மேல் தனித்து மிதக்கும். கீழ்க்குரலுக்குள்ளும் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி சின்னத் திருப்பங்களைச் சேர்ப்பார்கள். அடி முடியும் இடத்தில் எல்லாக் குரல்களும் ஒரே சுரத்தில் வந்து கூடும். அடுத்த அடியில் அதே பாடல் கொஞ்சம் வேறாக இருக்கும். இதை நடத்த முன்னால் நிற்கும் ஒருவர் கிடையாது. முன்பாட்டுக்காரரின் மூச்சு, மேல்குரல்காரரின் பார்வை, பக்கத்தவரின் தோள் அசைவு ஆகியவற்றால் குழு தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது.

குழுவுக்கு முன்னால் நின்று கையசைக்கப் பழகும் மாணவர், முதலில் இந்த வட்டத்துக்குள் நின்று பாடிப் பழகியிருக்க வேண்டும். மூச்சு எடுக்கும் கணத்தை உடலால் காட்டுவது, ஒலியைக் காதால் சமன்செய்வது, தன் குரலை ஒலிக்கவிடும் நேரமும் அடக்கும் நேரமும் அறிவது ஆகியவை உள்ளே நின்றால் சீக்கிரம் பிடிபடும். மேல்குரலை ஒரு மாணவர் ஓர் அடிக்கும் இன்னொருவர் அடுத்த அடிக்கும் மாறிமாறி ஏற்கச் செய்வது எளிய பயிற்சி. பலன் மிகப் பெரியது. எழுதிய குறிப்பு இல்லாமல் ஒரு குரலைத் தாமே கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கு இசைவின் இலக்கணம் விதியாக மட்டுமில்லாமல் அனுபவமாகவும் புரிகிறது. பாடத்திட்டத்தில் பல குரல்களுக்குப் பாடல் அமைக்கும் வகுப்பு தாளும் பென்சிலுமாகவே தொடங்குவது வழக்கம். அதைப் பாடித் தொடங்கி, பிறகு எழுதுவது மேல்.

இதற்கு இப்போது அருமையான துணை ஒன்று கிடைத்திருக்கிறது. ஹங்கேரிய இசைக்கலைஞர் மிக்லோஷ் போட் முன்னெடுத்த 'பாலிஃபனி ப்ராஜெக்ட்' என்ற திட்டம் உக்ரைனியக் கிராமங்களுக்குப் போய், குழுவாகப் பாடும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கேட்பவர் விரும்பினால் மேல்குரலை மட்டும் தனியே கேட்கலாம். அதை நிறுத்திவிட்டு மற்றக் குரல்களோடு தாமே மேல்குரலைப் பாடிப் பார்க்கலாம். இத்தகைய பதிவு முயற்சி புதிதல்ல. 1908இல் நாட்டார் இசை ஆய்வாளர் ஃபிலாரெட் கொலெஸ்ஸா மெழுகு உருளைப் பதிவுக்கருவியுடன் பொல்தாவா பகுதிக்குப் போய், 'தூமா' எனப்படும் காவியப் பாடல்களைப் பார்வையற்ற பாடகர்களின் வாயிலிருந்து பதிவு செய்தார். அந்தப் பயணத்துக்குப் பணம் தந்தவர்கள் கவிஞர் லெஸ்யா உக்ரைன்காவும் அவர் கணவர், இசை ஆய்வாளர் கிளிமென்ட் க்வித்காவும். அந்தப் பதிவிலிருந்து இந்தப் பதிவு வரை ஒரு நூற்றாண்டுக்கு மேலான உழைப்பு மாணவரின் மேசைக்கு வந்துவிட்டது. இனிப் பயன்படுத்தாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

தூமாக்கள் சேர்ந்திசைக்கு உரியவை அல்ல; கோப்ஸா அல்லது பந்தூரா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டியபடி ஒருவர் ஓதுவதுபோல் பாடுவது. அளவொத்த அடியோ சீரான தாளமோ அவற்றில் இல்லை. பேச்சின் ஓட்டமே தாளம். ஆசிரியப் பயிற்சியில் அவற்றுக்கு இடம் வேறு காரணத்தால் வருகிறது. சொல்லின் பொருளுக்கேற்ப ஓர் அடியை நீட்டவும் சுருக்கவும் கற்க அவற்றைவிட நல்ல ஆசான் இல்லை. அவற்றில் பல, நான்காம் சுரமும் ஆறாம் சுரமும் உயர்ந்த ஓர் அடுக்கில் அமைந்தவை. கர்நாடக இசை அறிந்தவருக்கு அது ஹேமவதி மேளத்தின் சுர அடுக்கு என்று சட்டென்று தெரியும். கமகமும் பாடும் பாணியும் முற்றிலும் வேறு. மேஜர், மைனர் என்ற இரண்டு அடுக்குகளுக்குள்ளேயே பழகிய காதை இந்தப் பாடல்கள் விரியச் செய்கின்றன. தாளத்திலும் அப்படித்தான். குளிர்காலத்து 'கொல்யாத்கா' பாடல்களின் பழைய வடிவம் ஐந்தசை, ஐந்தசையாகப் பிரிந்த அடியும் அதையடுத்த பல்லவியும் கொண்டது. இரண்டு, மூன்று, நான்கு என்று கைவீசியே பழகிய இளம் நடத்துநருக்கு அந்த ஐந்து ஒரு நல்ல சோதனை.

மேடைக்கு வந்தபோது

கிராமத்துப் பாடலை மேடைக்குக் கொண்டுவருவதில் உக்ரைனில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று லியொந்தோவிச் வழி: மெட்டை எடுத்துச் செவ்வியல் சேர்ந்திசைக்குரிய படைப்பாக மாற்றுவது. இன்னொன்று ஊர்க்காரர்களின் குரலையும் பாணியையும் அப்படியே காப்பது. இரண்டாவது வழியின் முன்னோடி பொர்ஃபீரி தெமுத்ஸ்கி (1860–1927) என்ற கிராம மருத்துவர். ஒஹ்மாதிவ் என்ற ஊரில் மக்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே, அந்த ஊர் விவசாயிகளைக் கொண்டு ஒரு குழு அமைத்தார். அவர்கள் தங்கள் குரலிலேயே, தங்கள் வழக்கப்படியே பாடினார்கள். அவர் எழுதிவைத்த இசைக்குறிப்புகள் ஊர்ப் பல்குரல் பாடலின் அரிய சான்றுகளாகக் கருதப்படுகின்றன.

சோவியத் காலத்தில் இந்த இரண்டாவது வழி அரசின் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1943இல் கார்கிவில் ஹ்ரிஹோரி வெரியோவ்கா தொடங்கிய நாட்டுப்பாடல் குழு, வண்ண உடையும் நடனமும் வாத்தியக் குழுவும் சேர்ந்த பிரம்மாண்டமான மேடைக் கலையாயிற்று. 1966 முதல் அரை நூற்றாண்டு அதை வழிநடத்திய அனதோலி அவ்தியெவ்ஸ்கி ஆசிரியராகவும் இருந்தார். கீவின் திரகோமானவ் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றிய கலைத்துறை இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டுக்குரலைக் கல்வி நிறுவனத்துக்குள் மதிப்போடு கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனால் அந்தக் காலகட்டம் ஒரு விலையையும் வாங்கியது. கட்சியையும் கூட்டுப்பண்ணையையும் புகழும் பாடல்கள் நாட்டுப்பாடல் பாணியில் எழுதப்பட்டன. சமயச் சாயலுள்ள சடங்குப் பாடல்கள் ஒதுக்கப்பட்டன. ஊருக்கு ஊர் மாறிய குரல்கள் ஒரே பொது மெருகுக்குள் வந்தன. அந்த மெருகையே நாட்டுப்பாடல் என்று நம்பி வளர்ந்த ஆசிரியர்கள் பலர்.

1979இல் கீவ் இசைக் கல்லூரியில் யெவ்ஹென் யெஃப்ரெமொவ் அமைத்த 'த்ரெவோ' குழு இதற்கு மாற்றாக நின்றது. ஆய்வாளர்களே கிராமங்களுக்குப் போய்ப் பதிவு செய்து, ஊர்ப் பாடகர்களிடமிருந்து நேராகக் கற்று, அந்தந்த ஊரின் பாணியிலேயே பாடினார்கள். நகரத்தில் பிறந்தவர்களும் வாய்வழியாகக் கற்க முடியும் என்பதை அவர்கள் நிரூபித்தார்கள். ஆசிரியப் பயிற்சியில் சேர்க்க வேண்டியது இந்தக் கற்றல் முறையையே. களப்பயிற்சி என்று பாடத்திட்டத்தில் பெயரளவுக்கு இருப்பதைப் பல வாரத் தங்கலாக மாற்றி, ஒரு மாணவர் ஒரு பாட்டியிடம் ஐந்து பாடல்களையாவது பாடத் தெரிந்துகொண்டு திரும்பினால், நூறு பாடல்களைப் பதிவு செய்து கொண்டுவருவதைவிட அது மேல்.

குரல் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வயல்வெளியில் தொலைவுக்குக் கேட்கப் பாடும் கிராமப் பெண்களின் குரல் திறந்த, நெஞ்சிலிருந்து வரும் குரல். பேச்சுக்கு மிக நெருக்கமானது. அவர்கள் அதற்கென்று சிறுவயது முதலே பழகியவர்கள். அதைக் கேட்டு மயங்கிய இளம் ஆசிரியர் பத்து வயதுச் சிறுமியிடம் அதே ஒலியைக் கேட்டால், அந்தக் குழந்தை தொண்டையை இறுக்கிக் கத்தும். செவ்வியல் பயிற்சி தரும் மூடிய, வட்டமான ஒலியை மட்டும் கற்ற ஆசிரியரோ எதிர்ப்பக்கம் தவறுகிறார். பாடலின் சொற்கள் மழுங்கி உயிரிழக்கின்றன. இரண்டு குரல் முறைகளையும் தம் தொண்டையில் அனுபவித்து, குழந்தையின் குரலுக்கு எது எவ்வளவு பொருந்தும் என்று தெரிந்தவரே பள்ளிக்குப் போகத் தகுந்தவர். குரல் பயிற்சி வகுப்பும் நாட்டார் இசை வகுப்பும் தனித்தனித் தீவுகளாக இருக்கும் வரை இந்த அறிவு கிடைக்காது.

பள்ளிக்கூட வாசலில்

பள்ளிக்குப் பொருத்தமான பாடல்களை எளிமையிலிருந்து கடினத்துக்கு அடுக்க உக்ரைனிய மரபே வழி காட்டுகிறது. தாலாட்டுகளும் 'பொதொல்யானொச்கா' போன்ற வட்ட விளையாட்டுப் பாடல்களும் சில சுரங்களுக்குள் நிற்பவை, ஓடியாடிக்கொண்டே பாடலாம். அடுத்து 'வெஸ்ன்யான்கா' எனும் வசந்தப் பாடல்கள்: இரண்டு குழுக்கள் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடுபவை, ஆகவே இரண்டு குரல்களுக்கு இயல்பான படிக்கட்டு. பிறகு வாழ்த்துப் பாடல்கள், அறுவடைப் பாடல்கள். கடைசியில் நடுநாட்டின் விரிந்த கோசாக், காதல் பாடல்கள். இசையமைப்பாளர் கொடாய் ஹங்கேரியில் நாட்டுப்பாடலை இசையின் தாய்மொழியாகக் கருதிப் பள்ளிக் கல்வியை அமைத்ததை உக்ரைனியக் கல்வியாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அவருடைய சுரப்பயிற்சி முறையிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. ஆனால் ஹங்கேரியின் பழைய விவசாயிப் பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைக்குரல் பாடல்கள். பல்குரலை அங்கே மேலிருந்து கட்ட வேண்டியிருந்தது. உக்ரைனில் பல்குரல் ஊர்ப் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவர உக்ரைனுக்கே உரிய முறை வேண்டும்.

பாடலின் சடங்குச் சூழலும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணப் பாடல், இறந்தவருக்கான புலம்பல், கோடைக்கால 'குபாலா' இரவின் பாடல் ஆகியவற்றுக்கு உரிய நேரமும் ஆட்களும் உண்டு. அவற்றை விழா மேடையில் எந்த விளக்கமும் இல்லாமல் கலந்து பாடுவது கேட்க இனிமையாக இருக்கலாம். குழந்தைக்கு எதையும் கற்றுத்தராது. பாடுவது ஏன், யாருக்காக, எந்தப் பருவத்தில் என்பதோடு சேர்த்துக் கற்ற பாடல்தான் நினைவில் தங்குகிறது.

2018இல் தொடங்கிய 'புதிய உக்ரைனியப் பள்ளி' சீர்திருத்தம் தொடக்க வகுப்புகளில் இசையையும் ஓவியத்தையும் 'கலை' என்ற ஒரே பாடத்துக்குள் இணைக்க வழிசெய்தது. கற்பனைக்கு இடம் விரிந்தது உண்மை. ஆனால் சேர்ந்து பாடும் நேரம் சுருங்கும் ஆபத்தும் இருக்கிறது. பள்ளி முடிந்த பின் நடக்கும் குழுப் பயிற்சியை நம்பியே சேர்ந்திசை வாழ வேண்டியிருந்தால், ஆசிரியரின் சொந்த ஆர்வம்தான் அதைக் காப்பாற்றும். அந்த ஆர்வம் பல்கலைக்கழகத்தில்தான் விதைக்கப்பட வேண்டும்.

2022 பிப்ரவரியில் தொடங்கிய முழு அளவிலான போர் இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் அவசரமாக்கியது. கிராமங்கள் அழிந்தன, மூத்த பாடகர்கள் வீடிழந்து சிதறினார்கள். நாட்டுப்பாடல்களை அடித்தளமாகக் கொண்டு பல சேர்ந்திசைப் படைப்புகளைத் தந்த ஹன்னா ஹவ்ரிலெட்ஸ் போர் தொடங்கிய நான்காம் நாளில், பிப்ரவரி 27 அன்று, கீவில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று, கார்னகி மண்டபத்தில் 'ஷெத்ரிக்' ஒலித்த நூறாம் ஆண்டைக் கொண்டாடும் நிகழ்ச்சியில், 1971இல் தொடங்கப்பட்ட கீவின் 'ஷெத்ரிக்' சிறுவர் சேர்ந்திசைக் குழு பாடியது. 2024இல் கோப்ஸா, சக்கர லீரா ஆகிய வாத்தியங்களின் மரபைக் காக்கும் திட்டத்தை யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. அந்த அங்கீகாரம் குறிப்பாகக் கற்பித்தலுக்குக் கிடைத்தது: குருவிடமிருந்து சீடருக்கு, இசைக்குறிப்பு இல்லாமல், வாய்வழியாகவும் கைவழியாகவும் கைமாறும் முறைக்கு.

போர்க்காலம் ஒரு சோதனையையும் கொண்டுவருகிறது. வீரமும் எழுச்சியும் ததும்பும் சில பாடல்களே எல்லாப் பள்ளி நிகழ்ச்சிகளிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. அதன் காரணம் யாருக்கும் புரியும். அந்தப் பாடல்களுக்கு உரிய இடமும் இருக்கவே வேண்டும். ஆனால் அவை மட்டுமே நாட்டுப்பாடல் என்று ஒரு குழந்தை நம்பி வளர்ந்தால், தாலாட்டும் அறுவடைப் பாட்டும் பொலிஸ்ஸியாவின் கூவலும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமலே போய்விடும். ஆசிரியருக்கு முழு மரபும் தெரிந்திருந்தால்தான் அந்தக் குறுக்கத்தைத் தடுக்க முடியும்.

இவையெல்லாம் நடக்க, பல்கலைக்கழகத்தின் இறுதித் தேர்வில் தொடங்க வேண்டும். இப்போது மாணவர் பெரும்பாலும் எழுதப்பட்ட படைப்பு ஒன்றைக் குழுவின் முன் நடத்திக் காட்டித் தேர்ச்சி பெறுகிறார். அதோடு, தாமே ஒரு பாடலைக் குறிப்பில்லாமல் குழந்தைகளுக்குச் செவிவழி கற்றுக்கொடுப்பதையும், வட்டத்துக்குள் நின்று முன்பாட்டைத் தொடங்கிக் குழுவைச் சேர்த்துக்கொள்வதையும், ஒரு மேல்குரலை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துப் பாடுவதையும் தேர்வாளர்கள் கேட்கத் தொடங்கினால், வகுப்புகளும் பாடநூல்களும் களப்பயிற்சியும் அதற்கேற்பத் தாமே மாறிக்கொள்ளும். நாட்டார் இசை ஆசிரியரும் நடத்தும் கலை ஆசிரியரும் குரல் பயிற்சி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து அந்தத் தேர்வுக்கு மதிப்பெண் இட வேண்டும்.